மகாஓயா வழியில் ஒரு திறப்பு

காத்தான்குடியிலிருந்து கண்டிக்குப் போகப் பல வழிகள் உண்டு. எங்கள் வீட்டாருக்குப் பிடித்தது செங்கலடிச் சந்தியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா என்று ஏறும் பாதைதான். வயல் முடிந்து காடு தொடங்கும், காடு தொடங்கிய சிறிது நேரத்தில் காற்றின் வாசமே மாறும். நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள், சகோதரிகளே! ஆனால் போகுமுன் உங்கள் காரின் திறப்பைக் கையில் எடுத்து, அதில் எத்தனை பட்டன் இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு ஜப்பானிலிருந்து வந்த ஒரு சின்னக் காரை லீசிங்கில் எடுத்தோம். கூடவே வந்த புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. படம் பார்த்ததோடு மூடி வைத்துவிட்டோம்.

வந்த இரண்டாம் வாரமே ஒரு புதுமை. இரவு பூட்டி, கண்ணாடி உயர்த்தி விட்ட கார், சுபஹுக்கு எழுந்து பார்த்தால் நான்கு கண்ணாடியும் இறங்கி நிற்கிறது! இருக்கையெல்லாம் பனி ஈரம். கதவை இழுத்துப் பார்த்தால் பூட்டியபடியே இருக்கிறது. கள்ளன் என்றால் கதவைத் திறந்திருக்க வேண்டுமே? ஒரு சாமானும் போகவுமில்லை. மாமி, "இது ஜின்னுட வேலைதான்" என்று முடிவே கட்டிவிட்டார். அடுத்த வாரமும் அதே கூத்து. மச்சான் சிரித்தாலும், அவர் முகத்திலும் ஒரு யோசனை ஓடியதைக் கண்டேன்.

ஓகஸ்ட் விடுமுறைக்குக் கண்டியில் இருக்கும் ராத்தா வீட்டுக்குப் புறப்பட்டோம். நான், மச்சான், மாமி, மூன்று வயது மகன். மகாஓயாவில் சுடுநீர்க் கிணறுகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறு சிறு கிணறுகளாகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் கை நனைக்கலாம், அடுத்ததில் விரலை வைத்தால் சுட்டுவிடும். மாமிக்கு முழங்கால் வருத்தம். இங்கே நின்று குளிக்காமல் போகமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லித்தான் ஏறினார்.

நேரம் பதினொன்றைத் தாண்டியிருக்கும், நல்ல வெயில். மச்சான் மாமியைக் கூட்டிக்கொண்டு முன்னே போனார். நான் கைப்பையைப் பின் இருக்கையில் மகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிக்கியில் இருந்த சோற்றுப் பார்சலை எடுக்கலாமென்று இறங்கிக் கதவைச் சாத்தினேன். டிக்கியடிக்குப் போகவில்லை, "டிக்" என்று ஒரு சத்தம். பைக்குள் இருந்த திறப்பு மகனின் கையில்!

இழுத்தேன், திறக்கவில்லை. நான்கு கதவும் பூட்டு. ஏசி போட்டு வந்ததால் கண்ணாடியெல்லாம் உயர்த்தியிருக்கிறது. மற்றத் திறப்பு காத்தான்குடி அலுமாரியில், 60 கிலோமீற்றரளவு பின்னால்.

வெயிலில் மூடி நிற்கும் கார் 10 நிமிடத்தில் சுமார் 10 பாகை சூடேறிவிடும். சிறு பிள்ளையின் உடம்போ பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். இதை முன்பு எங்கோ வாசித்திருந்தேன். அந்த நேரம் அது நினைவுக்கு வந்ததே எனக்குப் பெரிய வேதனையாகிவிட்டது.

என் சத்தம் கேட்டு மச்சான் ஓடி வந்தார். கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மாவும் ஓடி வந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் குடையை விரித்து மகன் இருந்த பக்கத்துக் கண்ணாடிக்கு நிழல் பிடித்தார். சாக்கொன்றைத் தண்ணீரில் நனைத்து முன் கண்ணாடியில் போடச் சொன்னார்.

"மகன், மத்தப் பட்டன அமத்துங்க வாப்பா! மத்தது!" என்று நான் கண்ணாடியில் தட்டித் தட்டிக் காட்டினேன். அவனுக்கு விளையாட்டு. ஒருமுறை அமர்த்தினான், பூட்டுத் திறந்தது. மச்சான் கைபிடியைத் தொடுவதற்குள் மற்றதை அமர்த்திவிட்டான். நாங்கள் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பு வேறு. பிறகு சிரிப்பு நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை, முகம் சிவந்து அழத் தொடங்கினான்.

மச்சான் ஒரு கல்லைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. லீசிங் கட்ட இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

"அடிங்க மச்சான்! கார் போனா போகட்டும்!"

பிள்ளைக்குத் தூரமான பக்கத்து முன் கண்ணாடிக்குப் போய்க் கையை ஓங்கினார். அந்த நேரம் மகன் பயந்து, திறப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தான். நான்கு கண்ணாடியும் ஒன்றாக, மெதுவாக, தாமாகவே கீழே இறங்கின.

கச்சான் அம்மாதான் முதலில் கையை விட்டு அவனைத் தூக்கினார். நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாமி ஈரச் சேலையோடு வந்து, "நான் அப்பவே சொன்னன்" என்றார்.

மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறும்போது மகன் என் மடியில் தூங்கிவிட்டான். கீழே மகாவலிச் சமவெளி விரிந்து கிடக்கும் அந்த இடத்தில் எப்போதும் நிறுத்திப் பார்ப்போம். அன்று ஒருவருக்கும் இறங்க மனமில்லை.

கண்டியில் ஒரு கராஜ் தம்பி விளக்கம் சொன்னார். திறக்கும் பட்டனைத் தட்டினால் கதவு மட்டும் திறக்கும், விடாமல் அமர்த்திப் பிடித்தால் கண்ணாடிகளும் இறங்கும். வெயிலில் நின்ற காரின் சூட்டை ஏறுமுன்னே வெளியேற்றச் செய்த வசதியாம். எல்லாக் கார்களிலும் இது இல்லை. திறந்த பிறகு 30 விநாடியளவில் யாரும் கதவை இழுக்காவிட்டால் கார் தானாகவே மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஆனால் இறங்கிய கண்ணாடி இறங்கியபடியே நிற்கும். கைபிடியால் பூட்டப் போனால் திறப்பு உள்ளே இருப்பதை எங்கள் கார் கண்டுபிடித்துக் கத்தும். திறப்பின் பட்டனையே அமர்த்தினால், அதை உடையவரின் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அமர்த்துவது மூன்று வயதுப் பிள்ளை என்று அதற்கு எப்படித் தெரியும்?

திறப்பின் வயிற்றுக்குள் ஒளிந்திருந்த சின்ன இரும்புத் திறப்பையும் இழுத்துக் காட்டினார். உள்ளே இருக்கும் காசு போன்ற பற்றரி செத்துப்போனால் அதனால் கதவைத் திறந்து, திறப்பைக் காரை ஸ்டார்ட் செய்யும் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் போதுமாம். எத்தனை மாதம் கையில் வைத்திருந்தும் எங்களுக்கு இது தெரியாது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக லாச்சியைத் திறந்து பார்த்தேன். கார் திறப்பைப் போடும் அதே லாச்சியில்தான் மாமியின் வெற்றிலைப் பெட்டியும் இருக்கும். இரவில் கடைசி வெற்றிலை போட்டுவிட்டுப் பாக்குவெட்டியை அதற்குள் திணித்து அமர்த்தி மூடுவது மாமியின் பழக்கம். மச்சான் திறப்பை வைத்து, அதன்மேல் பாக்குவெட்டியை வைத்து லாச்சியைத் தள்ளினார். முற்றத்தில் கண்ணாடிகள் இறங்கும் சத்தம் கேட்டது.

மாமி ஒன்றும் பேசவில்லை. பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.