கீறல் போட்டது யார்?

காரைக் கழுவும்போது கவனமாக இருக்கிற பலர், துடைக்கும்போது அவசரப்பட்டுவிடுகிறார்கள். கழுவியாயிற்று, இனி என்ன என்று கையில் கிடைத்த துணியை எடுத்துத் தேய்க்கிறார்கள். பளபளப்புக்கு ஆபத்து அங்கேதான்.

கார் பெயின்ட்டின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான். தெருப் புழுதியிலோ குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே சுமார் 5.5. கண்ணாடியைக் கீறும் துகள் பெயின்ட்டை விட்டுவைக்குமா? துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இந்த மணல்தான் பெரும்பாலும் கீறுகிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பி விடியற்காலையில் பன்னிரண்டு கார்களைக் கழுவித் துடைக்கிறார். காருக்கு மாதம் 600 ரூபாய். போன மாதம் ஒரு வீட்டுக்காரர் பாதிப் பணத்தைப் பிடித்துக்கொண்டார். அவருடையது கறுப்பு கார்; வெயிலில் நிறுத்தினால் வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகின்றன. “வட்டம் போட்டுத் தேய்ச்சிருக்கான் சார், நீங்களே பாருங்க” என்றார்.

கைப்பேசி டார்ச்சை அடித்தேன். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் தெரிந்தது. டார்ச்சை ஒரு முழம் நகர்த்தினேன். வட்டமும் கூடவே நகர்ந்தது. “கீறல் நகருமா?” என்று கேட்டேன். நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. அவற்றில் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே பளிச்சென்று கண்ணில் படும். அதனால்தான் வட்டம். பழைய எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்துப் பாருங்கள், அதிலும் தெரியும். கை எப்படி ஓடியது என்பதற்கு அந்த வட்டம் சாட்சியில்லை.

கீறல் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து தம்பிக்குக் கிடைத்தது அரை வாளித் தண்ணீரும் ஒரு கிழிந்த வேட்டித் துணியும். சக்கரத்துக்கும் அதே துணி, பானெட்டுக்கும் அதே துணி. அதை வைத்துக்கொண்டு யார் துடைத்தாலும் கீறல் விழத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது இதுதான். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். வெயிலில் தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படிந்துவிடும். கழுவி முடித்ததும் கடைசித் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல், ஹோஸ் முனையைக் கழற்றிவிட்டுக் கூரையிலிருந்து மெதுவாக ஓடவிடுங்கள். அது தகடுபோல வழிந்து, நிற்கிற துளிகளையும் இழுத்துக்கொண்டு போகும். துடைக்கும் வேலை பாதி குறையும்.

அடர்த்தியான மைக்ரோஃபைபர் துண்டு வாங்குங்கள். ஓரத்திலுள்ள லேபிளை வெட்டிவிடுங்கள். துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கலாம். அல்லது அழுத்தாமல் நேராக இழுக்கலாம். கூரை, கண்ணாடி, பானெட், பக்கங்கள் என்று மேலிருந்து கீழே வர வேண்டும். சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் தனித் துணி. துண்டு தரையில் விழுந்தால் துவைத்த பிறகே மறுபடி தொட வேண்டும். துவைக்கும்போது மற்ற துணிகளோடு சேர்க்காதீர்கள். ஃபேப்ரிக் கண்டிஷனரும் வேண்டாம். அது இழைகளில் படிந்து நீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். தண்ணீர் இல்லாத நாளில் புழுதி அப்படியே இருக்கட்டும். காய்ந்த புழுதியைக் காய்ந்த துணியால் துடைப்பதைவிட அழுக்கு கார் மேல்.

உங்கள் காரையும் வேறொருவர் துடைக்கிறார் என்றால், அவர் கையில் என்ன துணி இருக்கிறது என்று நாளைக் காலையில் போய்ப் பாருங்கள். திட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவது நியாயம்.

அந்த வீட்டுக்காரர் மறு வாரமே மூன்று துண்டுகள் வாங்கிக் கொடுத்துவிட்டார். பிடித்த 300 ரூபாய் மட்டும் இன்னும் தம்பி கைக்கு வரவில்லை. மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.