தேய்மானக் கணக்கு

சாத்தூர் என்றால் பலருக்குச் சேவு நினைவுக்கு வரும். வெயில் காலத்தில் வெள்ளரிக்காய் நினைவுக்கு வரும். எழுதிப் பிழைக்கிற எனக்கோ பேனா நிப்புத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் இந்த ஊரில் நிப்புப் பட்டறைகள் பல இருந்தன. தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் மயிரிழைபோல் ஒரு கீறல் போடவேண்டும். கீறல் கோணினால் மை இறங்காது. பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலைப் பெரும்பாலும் ஓய்த்துவிட்டது. என் பெரியப்பா 30 வருஷம் கீறல் போட்டவர்.

அவருடைய பேத்தி பௌதிகம் படித்தவள். லீவுக்கு வந்தவளிடம், "உங்கள் தாத்தா வேலையைவிட நுணுக்கமான கீறல் உலகத்தில் எங்கேயாவது உண்டா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"இருக்கு மாமா, ஜெனீவா பக்கத்துல" என்றாள்.

அங்கே சுமார் 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் வளையத்துக்குள் புரோட்டான்களை எதிரெதிரே ஓட்டி மோதவிடுகிறார்கள். சிதறும் துகள்களின் தடத்தைக் காண, சி.எம்.எஸ். என்னும் ராட்சதக் கருவியின் நடுவில் சிலிக்கான் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் விரித்தால் சுமார் 200 சதுர மீட்டர். நம் கணக்கில் ஐந்து சென்ட் மனை! சில தகடுகளில் ஒரு மில்லிமீட்டருக்குள் எட்டுப் பத்துப் பட்டைகள். துகள் ஊடுருவும்போது சிலிக்கானில் எலெக்ட்ரான்கள் விடுபட்டு, பக்கத்துப் பட்டையில் மின்துடிப்பாகின்றன. அடுக்குக்கு ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தால் கோலம்போல் ஒரு வளைகோடு. 2012 ஜூலை 4-ம் தேதி ஹிக்ஸ் துகளைப் பற்றி அறிவித்த இரண்டு குழுக்களில் ஒன்று இந்தக் கருவியினுடையது.

"நம்ம நாட்டுத் தகடும் அங்கே இருக்கு மாமா!"

உண்மைதான். வருவது ஒரே ஒளித்துகளா, ஒட்டி வரும் இரண்டா என்று பிரித்தறிய அதே கருவியில் தனிப் பகுதி உண்டு. அதற்கான தகடுகளில் ஒரு பங்கு, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தாரின் முயற்சியில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் உருவானவை. 6.3 சென்டிமீட்டர் சதுரம். அதில் 32 பட்டைகள்.

பிறகு அவள் சொன்னதுதான் என்னை உட்காரவைத்தது. தடம் காட்டிவிட்டுப் போகும் துகள், சிலிக்கானின் அணுக்களையும் இடம் பெயர்த்துவிடுகிறதாம். வரவர மின்சாரம் வீணாகக் கசிகிறது. சேதம் முற்றாமலிருக்கத் தகடுகளை உறைகுளிரில் வைக்கிறார்கள். அப்படியும் மோதலுக்கு மிக நெருங்கிய அடுக்கை ஏற்கெனவே மாற்றியாயிற்று, மற்றவற்றையும் மாற்றப்போகிறார்கள். பார்ப்பதே அதற்குத் தேய்மானம்!

"எவ்வளவு தேய்ந்தது என்று எப்படித் தெரியும்?"

"கசியுற மின்சாரத்தை அளந்துக்கிட்டே இருப்பாங்க மாமா. எந்தத் தகடு எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு கணக்கு இருக்கும்."

பெரியப்பாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் கண் மங்கிவிட்டது; எதிரில் வருகிறவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். பட்டறையில் அவர் போட்ட நிப்புகளுக்குக் குரோஸ் குரோஸாகக் கணக்கு இருந்தது. அந்தக் கண்ணுக்கு மட்டும் யாரும் கணக்கு வைக்கவில்லை.