பாதம் யாருடையது?

பத்திரிகைத் தொழிலில் புதிதாகச் சேருபவருக்கு முதலிற் கற்பிக்கப்படும் சொற்களுள் 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது' ஆகிய இரண்டும் அடங்கும். தான் நேரிற் காணாததையும் சான்றுகளால் உறுதிப்படுத்த இயலாததையும் செய்தியாளன் தன் வாக்காக எழுதலாகாது என்பது விதி. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விதியைக் கைக்கொண்டவன் நான். ஆயினும், இச்சொற்களில் ஒன்று என் தாயாரைப் புண்படுத்திய கதையை இதுவரை நான் எழுதியதில்லை.

1970களில் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தையொட்டி ஒரு கட்டுரை எழுதினேன். டிசெம்பர் மாதப் பூரணையிலிருந்து மே மாத வெசாக் பூரணை வரை நீளும் பருவம் அது. மலையின் உயரம் 2,243 மீற்றர். உச்சிப் பாறையில் ஏறத்தாழ ஆறடி நீளமான ஒரு பள்ளம் உண்டு. பௌத்தர் அதனைப் புத்தரின் பாதச்சுவடு என்பர்; இந்துக்கள் சிவபெருமானின் திருப்பாதம் என்பர்; முஸ்லிம்கள் ஆதம் நபியின் காலடித்தடம் என்பர்; கிறிஸ்தவருட் சிலர் புனித தோமையாரின் சுவடு என்பர். இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'நம்பப்படுகிறது' என்று எழுதியிருந்தேன்.

அடுத்த விடுமுறைக்கு யாழ்ப்பாணம் சென்றபோது அம்மா அந்தப் பத்திரிகையை மடித்து வைத்திருந்தார்.

"தம்பி, உதென்ன 'நம்பப்படுகிறது' எண்டு எழுதியிருக்கிறாய்? நான் ஏறிக் கும்பிட்டனான் எல்லே?"

அதற்கொரு பின்னணி உண்டு. தந்தையார் அரசாங்க எழுதுவினைஞராக ஹற்றனிற் பணியாற்றிய காலத்தில், எனக்கு ஐந்து வயதிருக்கும்போது, நெருப்புக் காய்ச்சல் கண்டது. பிழைப்பேனா என்பதே ஐயமாயிருந்த நாட்களில், பிள்ளை எழும்பினால் வெறுங்காலுடன் மலையேறி வந்து பாதத்தைக் கும்பிடுவதாக அம்மா நேர்த்தி வைத்தார். நான் எழும்பினேன். அம்மா ஏறினார்.

"அம்மா, அது பாறையில இருக்கிற ஒரு பள்ளம். நாலு சமயத்தாரும் நாலு விதமாச் சொல்லுறாங்கள். எது சரியெண்டு பத்திரிகை சொல்லேலாது" என்றேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். இளமைத் திமிர் விடவில்லை. என்னைக் காப்பாற்றியது குளோரம்பெனிகோல் மருந்து என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா சிறிதுநேரம் என்னைப் பார்த்தார். "அப்ப, நீ பிழைச்சதும் நம்பப்படுகிறதோ?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அதன்பின் அவ்விடயத்தை நாங்கள் இருவரும் பேசியதேயில்லை.

என் கூற்றிற் பிழையில்லை என்றே இன்றும் எண்ணுகிறேன். ஒரே பள்ளத்துக்கு நான்கு உரிமையாளர் உள்ள நாட்டில், ஒருவருக்காக 'நம்பப்படுகிறது' என்பதை நீக்கினால் ஏனைய மூவரையும் பொய்யராக்குவோம். 'யாருடைய பாதம்' என்ற கேள்வி 'யாருக்குச் சொந்தம்' என்ற கேள்வியாக மாற அதிக நேரம் தேவைப்படுவதில்லை. 16ஆம் நூற்றாண்டிற் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவி மலையின் பொறுப்பைச் சைவத் துறவியரிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டிற் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீண்டும் பௌத்த பிக்குகளிடம் வழங்கினான். அரசர்களின் ஆணையால் நிருவாகம் மாறியது, பாறை மாறவில்லை.

ஆனால் அம்மா கேட்டது பாறையைப் பற்றியன்று என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை.

டென்மார்க்கின் மெய்யியலாளர் சோரன் கீர்க்ககார்ட் 1846இல் வெளியிட்ட நூலொன்றில் ஓர் ஒப்பீட்டை முன்வைக்கிறார். உண்மையான கடவுளைப் பற்றிய சரியான கருத்தோடு ஆலயத்துக்குச் சென்று, உள்ளம் ஒன்றாமற் பிரார்த்திக்கிறான் ஒருவன். சிலையொன்றின் முன்னின்று, முழு உயிரையும் ஒப்புக்கொடுத்துப் பிரார்த்திக்கிறான் மற்றவன். உண்மை அதிகமாக இருப்பது யாரிடத்தில் என்பது அவர் கேள்வி. இரண்டாமவனிடத்தில் என்பதே அவருடைய விடை. எதனை நம்புகிறோம் என்பது புறவய உண்மை; எவ்வாறு நம்புகிறோம் என்பது அகவய உண்மை. வாழ்ந்து காட்டப்படுவது பின்னதே என்றார் அவர்.

இதனை வாசித்தபோது அம்மாவுக்கு ஒரு வழக்கறிஞர் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250இற்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்களும் தம் நம்பிக்கைக்காக உயிரையே கொடுத்தவர்கள்தாம். உள்ளத்தின் தீவிரம் மட்டுமே உண்மைக்கு அளவுகோலாயின், அவர்களுக்கும் அங்கே இடமளிக்க நேரிடும்.

அப்படியாயின் அம்மாவின் நம்பிக்கை எவ்விதத்தில் வேறு? நோய்ப்படுக்கையருகே அவர் மணிக்கூட்டை வைத்திருந்ததையும், குறித்த வேளைகளில் என்னை எழுப்பி மருந்து பருக்கியதையும் தந்தையார் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் நேர்த்தி மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. பாதம் சிவனுடையதென்று உறுதியாக நம்பிய அவர், 'சாது, சாது' என்று முழங்கியவாறு தம்மோடு ஏறியவர்களிடம் வழக்காடவுமில்லை. அவரது நம்பிக்கை விலை கேட்டது அவருடைய கால்களிடம் மட்டுமே.

அம்மா காலமான மறு ஆண்டு, சிங்கள நண்பரான புகைப்படப்பிடிப்பாளர் ஒருவருடன் நல்லதண்ணி வழியாக நானும் ஏறினேன். சூரியன் எழுந்ததும் மேற்குப் புறத்து முகிலின்மேல் மலையின் நிழல் கூரிய முக்கோணமாக விழுந்தது. மலையின் வடிவம் எதுவாயினும், நெடுந்தூரம் நீளும் நிழலின் ஓரங்கள், புகையிரதத் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வது போலக் குவிந்து தோன்றுவதால் உச்சியில் நிற்பவருக்கு அது முக்கோணமாகவே தெரியும். நண்பருக்கு இதனை விளக்கினேன். கேட்டுக்கொண்டே அவர் கமராவைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். அருகே தோட்டத்திலிருந்து வந்திருந்த குடும்பமொன்று 'அரோகரா' என்றது. நான் சொன்ன விளக்கமும் பொய்யன்று; அவர்கள் கைகள் குவிந்ததும் பொய்யன்று.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை அதனை அடிப்பது வழக்கம். ஒரு தடவை அடித்தேன். அம்மாவுக்காக இன்னொன்று அடிக்கலாமா என்று யோசித்து, அவர் தம் கணக்கை எப்போதோ அடித்திருப்பார் என்பதால் கையை எடுத்துக்கொண்டேன்.

இன்று அக்கட்டுரையை எழுத நேர்ந்தாலும் 'நம்பப்படுகிறது' என்றே எழுதுவேன். ஆனால் அம்மா வெறுங்காலுடன் அம்மலையில் ஏறினார் என்பதற்கு அச்சொல் தேவையில்லை. அதை நான் அப்போது எழுதியிருக்கவில்லை.