தண்ணி எங்க நிக்குது?

1983 சித்திரை. கோடை விடுமுறைக்கு அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போயிருந்தேன். பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், செம்மண் காடு. முந்தின வருஷம் மழை பொய்த்திருந்தது. கிணற்றை நம்பி மாமா ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். தாளெல்லாம் நுனி கருக ஆரம்பித்திருந்தது. மோட்டார் தகராறு.

விடியற்காலை கரண்ட் வந்ததும் மாமா மோட்டார் போடுவார். பம்பு வாயைத் திறந்து குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி, காற்று போனதும் மூடி, ஸ்டார்ட்டரைத் தட்டுவார். தொட்டியில் தண்ணீர் வெள்ளைத் துணியை உதறினது போல் வந்து விழும். இரண்டு, மூன்று மணி நேரம்தான். பிறகு பம்புக்குள் கூழாங்கல்லை உருட்டுவது போல ஒரு சத்தம் வரும். தண்ணீர் மெலியும், விட்டு விட்டுக் கக்கும், நின்றுவிடும். கையை வைத்தால் மோட்டார் சுடும்.

"சூடேறினா நின்னுக்குது" என்றார் மாமா. எல்லோரும் அதையே சொன்னோம். அப்பாவும் மாமாவும் பம்பைக் கழற்றி வாசர் மாற்றினார்கள். ஃபுட்வால்வைத் தூக்கிப் பார்த்து, சிக்கியிருந்த பாசியை எடுத்துப் போட்டார்கள். டவுனிலிருந்து வந்த மெக்கானிக் காயில் போய்விட்டது என்று மோட்டாரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். பாட்டி அம்முச்சியின் தோடு அடகுக்குப் போனது. ஐந்து நாள் கழித்துப் புதுக் காயிலோடு மோட்டார் வந்தது. காலையில் இறைத்தது, கொஞ்ச நேரத்தில் நின்றது. மாமா தொட்டிச் சுவரில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படி அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்பிச்சி பள்ளிக்கூடம் போகாதவர். மாடு பூட்டிக் கவலை இறைத்தே பாதி வயதைக் கழித்தவர். மோட்டாரில் என்ன கோளாறு என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவராகத்தான் கேட்டார்.

"நிக்கறப்போ மோட்டாரு எப்படி இருக்குதுன்னு பாத்தீங்க. தண்ணி எங்க நிக்குதுன்னு ஆராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. கிணறு பத்தடி தள்ளித்தான் இருந்தது.

மறுநாள் எனக்கு வேலை கொடுத்தார். கிணற்றுப் படியில் உட்கார்ந்து, பம்புச் சத்தம் மாறும்போது தண்ணீர் எந்தக் கல்லில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கிணற்றுச் சுவரில் ஓர் ஆலங்கன்று முளைத்திருக்கும். மேலே கூழாங்கல் சத்தம் கேட்டபோது அதற்குக் கீழே மூன்றாவது கல்லில் தண்ணீர் நின்றது. எச்சில் தொட்டு கரியால் கோடு போட்டேன். இரண்டாம் நாள் கரண்ட் தாமதமாக வந்தது. சத்தம் மாறும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. தண்ணீர் அதே கல்லில். மூன்றாம் நாள் ஊற்று கொஞ்சம் கூடச் சுரந்திருந்ததால் அதிக நேரம் ஓடியது. அப்போதும் அதே கல். மணி மாறியது, கல் மாறவில்லை. மூச்சிரைக்கப் படியேறிப் போய் அதைச் சொன்னபோது அப்பிச்சி என் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

கயிற்றில் கல் கட்டி பம்பிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் இறக்கி, முழங்கையால் அளந்தார். 17 முழம். இருபத்தைந்தடிக்குக் கொஞ்சம் கூட.

"கவலைக்குக் கயிறு நீளமா இருந்தாப் போதும், பாதாளத்துலிருந்தும் தூக்கிரும். இது உறிஞ்சற சாமான். இதுக்கு ஒரு எல்லை இருக்குமாட்ட இருக்குது. பம்பைக் கீழ இறக்கிப் பாருங்க."

கிணற்றுக்குள் பத்தடி ஆழத்தில், மூலையில் இரண்டு தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே பதித்து பம்பை இறக்கினார்கள். அன்று கூழாங்கல் சத்தம் வரவில்லை. வெங்காயம் பாதிதான் பிழைத்தது. ஐந்து நாள் பிந்தாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் டாரிசெல்லி வந்தார். 1643ஆம் ஆண்டு, இத்தாலி. கண்ணாடிக் குழாய் நிறையப் பாதரசம் ஊற்றிக் கவிழ்த்தால் 76 சென்டிமீட்டரில் நிற்கிறது. பாதரசம் தண்ணீரைப்போல் 13.6 மடங்கு கனம். அப்படியானால் தண்ணீருக்குக் கணக்கு ஏறக்குறைய 34 அடி. எந்தப் பம்பாலும் தண்ணீரை அதற்கு மேல் உறிஞ்ச முடியாது. குழாய் உராய்வும் மற்றதும் போக, தோட்டத்தில் 25 அடி கிடைத்தால் பெரிது. வகுப்பில் உட்கார்ந்தபடியே எனக்கு ஆலங்கன்றும் மூன்றாவது கல்லும் கண்ணில் தெரிந்தன.

கலிலியோவின் புத்தகத்தைப் பின்னால்தான் படித்தேன். 1638இல் வந்த 'இரண்டு புதிய அறிவியல்கள்'. அதில் ஒரு பாத்திரம் தன் அனுபவம் சொல்கிறது: பம்பு தண்ணீர் எடுக்கவில்லை, கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிட்டேன், வந்த வேலைக்காரர், பம்பில் பழுதில்லை, தண்ணீர்தான் கீழே போய்விட்டது என்றார். அங்கேயும் முழக்கணக்குதான், 18 முழம். அவர்கள் முழம் நம்முடையதைவிடச் சற்று நீளம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பம்பு ஏன் இதற்கு மேல் இழுக்கவில்லை என்று கேட்ட கலிலியோ, நீளமான கயிறு தன் கனத்தாலேயே அறுந்துபோவது போல் நீர்த்தூணும் அறுகிறது என்று நினைத்தார். அவருக்குப் பின் வந்த டாரிசெல்லி, தண்ணீரை மேலே தள்ளுவது எது என்று யோசித்தார். பம்பு இழுக்கவே இல்லை. வெளியே இருக்கும் காற்றுதான் கிணற்றுத் தண்ணீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றால் அவ்வளவுதான் முடியும்.

எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்கும் அப்பிச்சியின் வழியை என் வீட்டில் ஒரு தரம் மறந்தேன். மகள் மூன்றாம் வகுப்பில் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். ஏன், ஏன் என்று ஒரு மாதம் கேட்டேன். அவள் அழுதாளே தவிரச் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலண்டரை எடுத்து, அழுத நாட்களில் கோடு போட்டேன். செவ்வாயும் வெள்ளியும். அந்த நாட்களில் வேறு அறையில் கடைசி பெஞ்சு. கரும்பலகை எழுத்து அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி போட்டதும் அழுகை நின்றது. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அப்பிச்சி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கிணறு வற்றிக் கிடக்கிறது. தண்டவாளத் துண்டுகள் துருப்பிடித்து அங்கேயே இருக்கின்றன. தோட்டத்தில் போர் போட்டிருக்கிறோம். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து மேலே தள்ளுகிறது, அதற்கு 34 அடிக் கணக்கெல்லாம் கிடையாது. போர் வண்டி ஊருக்குள் வரும்போதெல்லாம் இன்னும் எத்தனை அடி போடலாம் என்றே கேட்கிறோம். பெய்த மழைத் தண்ணி எங்க போச்சு என்று நாம்தான் கேட்க வேண்டும்.