நூறு கிராம் கட்டடம்

ஆம்பளைப் பையன் கையில் ஊசியைப் பார்த்தால் நம்ம ஊரில் ரெண்டே கேள்விதான். ‘சட்டை பட்டன் போச்சா?’, ‘இன்னும் கல்யாணம் ஆகலையா?’ டில்லி ஆபீஸில், மதிய வெயிலில், நான் ரெண்டு பின்னல் ஊசியோடு உட்கார்ந்தபோது மூணாவதாக ஒன்று வந்தது: ‘என்னப்பா, வி.ஆர்.எஸ். வாங்கிட்டியா?’

சரித்திரம் என் கட்சி ஸார். 16-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பின்னல் சங்கங்களில் இருந்ததெல்லாம் மீசை வைத்த ஆசாமிகள். 1589-ல் காலுறை பின்ன மெஷின் கண்டுபிடித்த வில்லியம் லீயும் ஆண்தான். எடுத்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? சமோசா வந்துவிட்டது.

விஷயம் வேற. ஊரில் அப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ். தடவைக்கு நாலு மணி நேரம். ரத்தம் குழாய் வழியே வெளியே போய்த் திரும்பும்போது குளிர் எடுக்கும், மேலே ஏ.ஸி. வேறு. கனமான கம்பளி போர்த்தினால், ‘நெஞ்சுல மூட்டையை வெச்ச மாதிரி இருக்குடா’ என்பார். ஊசி குத்திய கையையும் மூடக்கூடாது. தோளுக்கு மட்டும், கனமில்லாமல் ஒரு சால்வை வேணும்.

பக்கத்து ஸீட் பஞ்சாபி அம்மாதான் குரு. “கதகதப்பு கம்பளி கனத்துல இல்ல பேட்டா, அது பிடிச்சு வெச்சிருக்கிற காத்துல இருக்கு” என்றார். இழை மாதிரி மெல்லிசு நூல் வாங்கினேன். எடை 100 கிராம், நீளம் 800 மீட்டர்!

டிசைன்? ஞாயிற்றுக்கிழமை ஹுமாயூன் கல்லறைக்குப் போனேன். 1556-ல் இறந்த பாதுஷாவுக்கு மனைவி பேகா பேகம் எழுப்பியது. 1993-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே வளைவுகள் பாரத்தைச் சுமக்கின்றன. நடுவே கல்லைச் சல்லடையாக்கிய ஜாலி ஜன்னல்கள், வெளிச்சத்தையும் காற்றையும் விட்டுக்கொண்டு ஜாலியாக நிற்கின்றன. அட, இதுதானே சால்வை!

ஜன்னலுக்கு லேஸ் பின்னல். நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றினால் ஓட்டை விழும், ஒரு கண்ணி கூடும். பக்கத்தில் ரெண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறையும். வரவும் செலவும் சரி. அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? தூணுக்கு ஜடைப் பின்னல். மூணு கண்ணியைக் குட்டி ஊசியில் முன்னால் நிறுத்திவிட்டு, அடுத்த மூணை முதலில் பின்ன வேண்டும். முறுக்கிக்கொள்ளும். லேஸ் துணியை விரிக்கும். ஜடை இழுத்துப் பிடிக்கும். ஜடை மட்டும் என்றால் கனம். லேஸ் மட்டும் என்றால் தொளதொள. மாமியார், மருமகள் மாதிரி ரெண்டும் ஒரே வீட்டில் இருந்தால்தான் குடும்பம் நிற்கும்.

மூன்று மாதம். முடித்ததும் பார்க்கக் கசங்கின கைக்குட்டை! தண்ணீரில் நனைத்து, மெத்தை மேல் இழுத்து, சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைத்தேன். காலையில் பார்த்தால், அத்தனை ஜன்னலும் திறந்திருந்தது.

அப்பா ரிட்டயர்டு பி.டபிள்யூ.டி. ஓவர்ஸியர். பார்சலைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சைட் இன்ஸ்பெக்ஷனே நடத்தினாராம். “தூண் ஸ்ட்ராங்கா இருக்கு. ஜன்னல்தான் கொஞ்சம் ஜாஸ்தி.”

பாராட்டா, ஆட்சேபணையா என்று புரியாமல் விழித்தேன். அடுத்த வாரம் அம்மா போன் பண்ணினாள். நாலு மணி நேரத்தில் ரெண்டு மணி நேரம் அப்பா அசந்து தூங்கினாராம்.

“அப்புறம்டா... பக்கத்து பெட் மாமா, மெரூன் கலர்ல ஒண்ணு கிடைக்குமான்னு கேக்கறார்.”