ஈர்க்குச்சி நுழையாத பைப்

மாமாவின் பைப்பில் ஒரு டிராகன் சுருண்டு படுத்திருந்தது. அதன் பிளந்த வாய்க்குள்தான் புகையிலையை அடைக்க வேண்டும். சுற்றுலா போன இடத்தில், நடைபாதைக் கடையில் 350 ரூபாய்க்கு வாங்கியது. இரண்டே நாளில் நாக்கு வெந்துபோய், ரசம் சாதம் சாப்பிடவே கண்ணில் தண்ணீர் வந்தது. பைப் பரணுக்குப் போனது. ஆசை போகவில்லை.

ஆசைக்கு ஐம்பது வயது. 1973இல் 'கௌரவம்' வந்தபோது மாமா அரை டிராயர் போட்ட பையன். பாரிஸ்டர் ரஜினிகாந்தாக சிவாஜி பைப்பும் கையுமாக நடந்த நடை அப்போதே மனசில் ஒட்டிக்கொண்டது. தபால் இலாகாவில் இருந்தவரை பீடிக்கும் சிகரெட்டுக்கும் மேலே போகவில்லை. ஓய்வு பெற்றதும் பாரிஸ்டர் விழித்துக்கொண்டார்.

மாமா இருப்பது பாலசமுத்திரம். சித்தூர் மாவட்டம்தான், ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டை ஒட்டிய எல்லை. பஸ்ஸில் தெலுங்கில் டிக்கெட் கேட்டு, மீதிச் சில்லறைக்குத் தமிழில் சண்டை போடுகிற பக்கம். போன மாசி மாதம் நான் போயிருந்தபோது மாமா ஒரு யோசனை சொன்னார்: "மாதவமாலாவுல சாமியையே செதுக்குறாங்க. செம்மரத்துல எனக்கு ஒரு பைப்பு செதுக்க மாட்டாங்களா?"

அத்தை அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "சாமி செய்யற கையால கொள்ளிக்கட்டை செய்யச் சொல்றீங்களா?"

மறுநாள் காலை பரணிலிருந்து டிராகனை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். புத்தூரில் இறங்கி டீ. கையிலும் காலிலும் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு நாலு பேர் எதிர்ப்பட்டார்கள். எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுக்கு இன்றைக்கும் மவுசு குறையவில்லை. திருப்பதி, ரேணிகுண்டா தாண்டி ஏர்ப்பேடு மண்டலத்தில் இருக்கிறது மாதவமாலா. 2022இல் சித்தூரிலிருந்து பிரித்த திருப்பதி மாவட்டம், காளஹஸ்தி பக்கம்.

ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்தது. கொட்டாப்புளி உளியின் தலையில் விழும் சத்தம், வீட்டுக்கு வீடு வெவ்வேறு தாளத்தில். திண்ணையில் தலை வந்து உடம்பு வராத வெங்கடாசலபதி. வேலியோரம் மல்லாந்து கிடந்த கருடனின் இறக்கைமேல் ஒரு கோழி. பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரம். அங்கே அதை நித்ரகன்னேரு என்கிறார்கள். வேம்பும் தேக்கும் உண்டு. உளி அங்கேயும் உளிதான், பேர் மாறவில்லை.

நாங்கள் உட்கார்ந்த வீட்டில் சிற்பிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் சாமான் அனுப்பிப் பழகியதால் தமிழ் வந்தது. ஒரு தாயார் சிலையின் காதோரம் வேலை நடந்துகொண்டிருந்தது. பெரிய உளியால் அல்ல, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத வளைவு உளியால், ஜிமிக்கியின் அடியில் மரத்தைச் சுருள் சுருளாக எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுருளுக்கும் வாயால் ஒரு ஊதல். அவர் மனைவியும் அண்ணியும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தார்கள். இழைக்கும் வேலை பெண்களுக்கு. தூள் அவர்கள் புருவத்தில் மஞ்சளாகப் படிந்திருந்தது. புகைக்க ஆசைப்பட்டு இத்தனை தூரம் தாண்டி வந்திருக்கிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மாமாவுக்கு இல்லை.

செம்மரம் என்று மாமா வாயைத் திறந்ததும் உளி நின்றது. "வத்து சார், வேண்டாம்."

காரணம் இரண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளர்வதில்லை. வனத்துறை வழியாக வராத கட்டை ஒன்று வீட்டில் இருந்தாலும் ஜெயில். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டக் கூலிக்கு வந்தவர்கள் என்பதைச் சிற்பி எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. பேச்சில் ஓர் இடைவெளி மட்டும் விழுந்தது.

இரண்டாவது காரணம் தொழில். "இது நெருப்புக்கான மரம் இல்ல சார். சூடு பட்டா வெடிக்கும். ஈரம் பட்டா சாயம் விடும்."

மாமா விடவில்லை. "மரப்பாச்சி இதுலதானே செஞ்சாங்க? குழந்தைங்க வாயில வெச்சு சப்பலையா?"

"குழந்தை சப்பிச்சு. கொளுத்தலையே?"

உப்புத்தாள் பிடித்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமா டிராகனை எடுத்து முன்னே வைத்தார்.

சிற்பி டிராகனின் செதில்களைப் பார்க்கவேயில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். நாள் முழுக்கச் செதில், இறகு, நகை என்று செதுக்குகிறவர். கூரையில் செருகியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, வாயில் வைக்கும் முனை வழியாக உள்ளே விட்டார். பாதி போய் நின்றது. கிண்ணத்துக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுழற்றி மோந்தார். "உள்ளயும் வார்னிஷ் அடிச்சிருக்கான்."

மாமாவின் நாக்கு வெந்ததில் பாதி வார்னிஷ், பாதி துளை. பைப் வாங்கப் போகிற புதியவர் வடிவம், வளைவு, நிறம் என்று பார்க்கிறார். பார்க்க வேண்டியது ஓட்டை. வாய்முனையிலிருந்து வரும் துளை கிண்ணத்தின் அடித்தளத்தில், நட்டநடுவில் திறக்க வேண்டும். மேலே திறந்தால் அடியில் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கி, ஹூக்காபோல் களக்களக்கென்று சத்தம் போடும். அதை எரிக்க மாமா பலமாக இழுப்பார். இழுக்க இழுக்கச் சூடு. ஒரு குச்சி தடையில்லாமல் உள்ளே போய்க் கிண்ணத்தின் அடியைத் தொட்டால் அது பைப். கிண்ணத்தின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பக்கம் விரலைச் சுடும், பிறகு ஓட்டையாகும். பைப்பின் எடை குறைவாக இருந்தால் பல் வலிக்காது. வளைந்த தண்டு கவ்வுவதற்குச் சௌகரியம், நேர்த்தண்டு சுத்தம் செய்யச் சௌகரியம். மற்றதெல்லாம் பாரிஸ்டர் விவகாரம்.

"வெள்ளைக்காரன் எந்த மரத்துல செய்றான்?" என்று சிற்பி கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிரையர் என்று மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு புதர். அதன் தண்டுக்கும் வேருக்கும் நடுவில் கட்டிபோல ஒரு முண்டு வீங்கும். அதைத் தோண்டி, துண்டு போட்டு, மணிக்கணக்கில் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் காயப்போடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் சான் குளோத் ஊரில் இந்தத் தொழில் வேர்பிடித்தது. துருக்கியின் எஸ்கிஷெஹிரில் மீர்ஷாம் என்கிற வெள்ளைக் கல்லைக் குடைகிறார்கள். அமெரிக்காவில் மிசௌரியில் 1869 முதல் மக்காச்சோளக் கட்டையைக் குடைந்து விற்கிறார்கள். ஜெனரல் மக்கார்தர் வாயில் இருந்தது அந்தச் சோளக்கட்டைதான்.

கல்லும் சோளமும் அவரைத் தொடவில்லை. கொதிக்கவைப்பதில் நின்றுவிட்டார். "கொதிக்க வெச்சா வெடிக்காதா? எப்படிக் காயவைக்கிறான்? நிழல்லயா?" நிழலில்தான் என்றதும் தலையாட்டினார். அவரும் பச்சை மரத்தில் கை வைப்பதில்லை. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரத்துக்குப் பழைய வீடு இடித்த ஆச்சா மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள், பச்சை மரம் பிளந்துகொள்ளும் என்றேன். "அவன்தான் சார் ஓட்டைக்காரன்," என்றார். "நாங்க வெளிய எடுக்கறவங்க. உள்ள எடுக்கறது வேற கை."

மாமா கடைசி முயற்சியாக, வேம்பிலாவது ஒன்று, கேட்கிற காசு தருகிறேன் என்றார். வியாபாரி கொடுக்கும் ஆர்டருக்கு உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் வீடு அது. மாமா சொன்ன தொகை சின்னதல்ல. சிற்பி மனைவியைப் பார்த்தார். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வாயில வெக்கற சாமான் சார். எனக்குத் தெரியாத வேலை," என்று முடித்துவிட்டார். வேண்டுமானால் இந்த டிராகனை அறுத்துக் காட்டட்டுமா என்றார்.

மாமா யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

ரம்பம் டிராகனின் நடுமுதுகில் இறங்கியது. இரண்டு பாதியும் முறத்தில் விழுந்தன. துளை நேராக வந்து, திடீரென்று மேல்நோக்கி ஏறி, கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் திறந்திருந்தது. அதற்குக் கீழே கறுத்த சாறு இறுகிக் கிடந்தது. ஒரு பக்கச் சுவர் அட்டை கனம். மரத்தில் இருந்த குழியை மாவு மாதிரி எதையோ அப்பி மூடி, அதன்மேல் செதில் வரைந்திருந்தார்கள்.

"பொம்மைக்கு நல்ல வேலைதான்," என்றார் சிற்பி. கிண்டல் இல்லாமல்தான் சொன்னார்.

காசு வாங்க மறுத்தார். மாமா சும்மா எழுந்திருக்க மனமில்லாமல் சாவிக்கொத்து மாட்டும் பலகை ஒன்று வாங்கிக்கொண்டார். புகையிலை டப்பா இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது; மூடியில் பெரிதாக அந்த வாய்ப்புற்றுநோய்ப் படம். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பாதகமில்லை என்பது மாமாவின் கட்சி. இழுக்காவிட்டாலும் வாயும் தொண்டையும் தப்பாது என்பது மருத்துவர்களின் கட்சி. அத்தை எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

ரேணிகுண்டா தாண்டும்போது மாமாவின் போன் அடித்தது.

"வாங்கியாச்சா?"

மாமா சட்டைப்பையில் தினத்தாளில் பொதிந்திருந்த இரண்டு பாதியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கூடவே ஈர்க்குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்து வைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

"மரம் சரியில்லடி," என்றார்.