எஞ்சின்காரரின் குறிப்பேடு

என் அப்பா சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின்காரராக வேலை செய்தார். லயங்களுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் வெளிச்சம் தந்தது அவர் பராமரித்த டீசல் மின்னாக்கி. மாலை ஆறு மணிக்கு அது உறுமத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு அடங்கும். அடங்குவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா விளக்குகளை ஒருமுறை மங்கச் செய்வார். அதுதான் அறிவிப்பு. "எஞ்சின்காரர் கண் காட்டிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவார்கள். நாங்கள் பாடப்புத்தகத்தை மூடுவோம்.

எஞ்சின் கொட்டகையில் ஓர் ஆணியில் நூல் கட்டித் தொங்கிய குறிப்பேடு ஒன்று உண்டு. எஞ்சின் ஓடத் தொடங்கிய நேரம், நின்ற நேரம், டீசல் அளவு, எண்ணெய் மாற்றிய நாள், பழுது ஏற்பட்டால் என்ன பழுது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். நிருவாகம் கேட்டது டீசல் கணக்கை மட்டுமே. மற்றவற்றை அப்பா தாமாக எழுதினார். கடைசிப் பக்கத்தில், எஞ்சின் திடீரென்று நின்றால் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். முதலில் மருந்தக டிரெஸ்ஸர், அடுத்துக் கிராணி, பிறகு மண்டோர். துரையின் பெயர் ஐந்தாவது இடத்தில் இருந்தது. இது தெரிந்தபோது கிராணி சற்று முகம் சுளித்தாராம். "துரைக்கு வெளிச்சம் இல்லாட்டி விசிறிதான் நிக்கும், கிராணி ஐயா. டிரெஸ்ஸருக்கு வெளிச்சம் இல்லாட்டி பிள்ளை பெத்துக்கிட்டு இருக்கிறவ என்ன செய்வா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். பெயர்களின் வரிசை மாறவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, தோட்டத்திற்கு வெளியிலிருந்து உயரழுத்தக் கம்பி வந்தது. நாள் முழுவதும் மின்சாரம்! அன்றிரவு பத்து மணிக்கு மேலும் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே உறங்காமல் கிடந்தவர்கள் பலர். எஞ்சின் கொட்டகை பூட்டப்பட்டது. அப்பா பால் கொட்டகை வேலைக்கு மாற்றப்பட்டார். அந்த மாற்றத்தில் ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. முன்பு எஞ்சின் நின்றால் அந்த நொடியே ஒருவருக்குத் தெரியும். அதைச் சொல்வது அவர் கடமை. இப்போது மின்சாரம் எங்கிருந்தோ வந்தது. நின்றால் யாருக்குச் சொல்வது, யார் சொல்வது என்பது யாருடைய வேலையும் இல்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் நள்ளிரவுக்கு மேல் பேய்மழை. காற்றில் ஒரு பால்மரம் முறிந்து கம்பிமேல் விழுந்தது. சில வீடுகள் இருண்டன. எங்கள் வீட்டிலோ விளக்கு அணையவில்லை. சிவந்து மங்கலாக எரிந்தது. அண்டை வீட்டார் "கரண்டு போயிடுச்சு, காலையில வந்துடும்" என்று படுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் அந்த மங்கிய விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பி அறுந்திருக்கு. ஆனா சாகல" என்றார்.

பிறகு நான் மின்கம்பியாளராகப் பயிற்சி பெற்றபோதுதான் அவர் சொன்னதன் பொருள் முழுமையாக விளங்கியது. உயரழுத்தத் தடத்தில் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டில் மின்சாரம் ஓடலாம். அதனால்தான் சில விளக்குகள் மங்கலாக எரியும். அறுந்து தரையில் கிடக்கும் கம்பியும் செத்ததாகக் கொள்ளக்கூடாது. உலர்ந்த சருகின்மீதோ கற்பாங்கான மண்ணின்மீதோ கிடந்தால், பாயும் மின்னோட்டம் குறைவாக இருக்கும். தூரத்து நிலையத்தில் உள்ள காப்புக் கருவி அதைப் பழுது என்று உணராமலே போகலாம். கம்பியில் தீப்பொறி தெரியாமலும் சத்தம் கேட்காமலும் இருக்கலாம். ஆனால், அதைச் சுற்றியுள்ள மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும். அகலக் கால் எடுத்து வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையில் மின்சாரம் பாயும். அதனால்தான் அப்படிப்பட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்ந்து வெளியேறச் சொல்கிறார்கள்.

அப்பா கைவிளக்குடன் தேடிச் சென்று கம்பியைக் கண்டுபிடித்தார். நெற்றி விளக்குடன் பால்மரத் தொழிலாளர்கள் விடியற்காலையில் நடக்கும் பாதையின் குறுக்கே அது கிடந்தது. மணி மூன்றரை. ஐந்து மணிக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பாதையின் ஒரு பக்கம் அம்மாவையும் மறுபக்கம் என்னையும் எட்டத்தில் நிறுத்தினார். "யார் வந்தாலும் விடாதே. மண்டோரா இருந்தாலும் விடாதே" என்றார். அலுவலகத்தில் தொலைபேசி இருந்தது, அலுவலகம் பூட்டியிருந்தது. அருகில் நின்ற கம்பத்தின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காவல் நிலையத்திற்குப் போனார்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை. ஐந்து மணி அளவில் முதல் ஆளாக வந்தவர் எங்கள் லயத்துப் பெரியவர். "நான் பாக்காத கம்பியா? தள்ளு தம்பி" என்றார். நான் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. அன்று பெரட்டு தாமதமானது, மண்டோர் கத்தினார். ஏழு மணிக்கு வந்த பழுதுபார்ப்புக் குழுவினர் முதலில் தடத்தை நிறுத்தச் சொல்லித் தகவல் கொடுத்தார்கள். அதற்கு முன் கம்பியைச் சோதித்த ஒருவர் திரும்பி, "மாசே ஹிடுப்" என்றார். இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மலாயில் சொன்ன அந்தச் சொல் கேட்டு, என்னைத் தள்ளச் சொன்ன பெரியவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். கம்பத்து எண்ணைச் சொன்னதால்தான் விரைவாக வந்து சேர முடிந்தது என்றும், 'ஏதோ தோட்டத்தில் கரண்டு இல்லை' என்று சொல்லியிருந்தால் வழிநெடுகத் தேடிக்கொண்டு வந்திருப்போம் என்றும் குழுத்தலைவர் அப்பாவிடம் சொன்னார்.

இப்போது ஈப்போவில் மின்கம்பியாளராக இருக்கிறேன். அவசரத்திட்டம், அறிக்கை என்றெல்லாம் சட்டம் பேசுவதைப் படிக்கும்போது அந்த விடியற்காலைதான் எனக்கு அளவுகோல். நம் நாட்டில் 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டம், மின்சாரத்தால் உயிருக்கோ உடலுக்கோ தீங்கோ, சொத்துக்குப் பெருஞ்சேதமோ நேர்ந்தால் அதைத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வறிக்கையைப் பெற்று விசாரிப்பது எரிசக்தி ஆணையம். இதுபோக, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்கிறது. நல்ல சட்டங்கள்தாம். ஆனால், முள்ளில் விழுந்தவனுக்குத்தான் வலி தெரியும். தரையில் கிடக்கும் கம்பியை முதலில் பார்ப்பவர் சட்டம் படித்தவராக இருப்பதில்லை. பால்வாளி சுமப்பவராக இருக்கிறார்.

பேராக்கில் மின்சாரத்தின் கதை பழையது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காகவே பேராக் ஆற்றின் குறுக்கே செண்டேரோ அணை கட்டப்பட்டு, 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கம்பாருக்கு அருகே மாலிம் நாவாரில் அனல்மின் நிலையம் எழுந்தது. சுரங்கத்து மண்வாரிக் கப்பல்கள் இரவு பகலாக மின்சாரத்தில் இயங்க, பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் தாத்தா காலத்தவர்கள் அரிக்கேன் விளக்கில் சோறு உண்டார்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஈயத்திற்கு விலை இருந்தது. 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறியது. 1990இல் தெனாகா நேஷனல் பெர்ஹாட் ஆயிற்று. அணைகளும் பெருகின. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டேரோ என்று ஒரே ஆறு நான்கு படிகளில் இறங்கி வருகிறது.

அணையும் அவசரத்திட்டத்தில் ஒரு பகுதி என்பதைப் பலர் நினைப்பதில்லை. 2013 அக்டோபர் 23ஆம் நாள், கேமரன் மலையில் கனமழையால் நிறைந்த சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நள்ளிரவுக்கு மேல் நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தன. அணை பகாங் மாநிலத்தில் இருந்தாலும் நமக்கு அந்நியமானதன்று. அதே ஏரியின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகத் தாப்பா பக்கம் வந்து மின்னாக்கிகளைச் சுழற்றுகிறது. அதன்பிறகு அணைகளுக்குக் கீழுள்ள ஊர்களில் எச்சரிக்கைச் சங்கும் மக்களோடு சேர்ந்த ஒத்திகையும் முக்கியத்துவம் பெற்றன. சங்கு ஊதினால் மட்டும் போதாது. ஏன் ஊதுகிறது, எந்த மேட்டுக்கு ஓட வேண்டும், படுக்கையில் கிடக்கும் பாட்டியை யார் தூக்க வேண்டும் என்பவை பகலிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் முதியவர்களிடம் 'அவசரம்' என்ற சொல்லைச் சொன்னால் அவர்கள் வேறொன்றை நினைப்பார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1948 ஜூன் 16ஆம் நாள் இவ்வட்டாரத் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டித்தான் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 'அவசரத்திட்டக் கூட்டம்' என்று ஒருமுறை நான் அறிவிப்பு ஒட்டியபோது, "மறுபடியும் முள்வேலியா?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

1996 ஆகஸ்டு 3ஆம் நாள் மாலையில் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றது. ஒரு சனிக்கிழமை. திரங்கானுவில் பாக்காவில் ஏற்பட்ட பழுது ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்களைச் சாய்த்தது. ஈப்போவில் சாலை விளக்குகளும் அணைந்தன. கடைக்காரர்கள் கதவுகளை இழுத்து மூடினார்கள். மின்சாரம் திரும்ப இரவு வெகுநேரம் ஆனது. பெரிய அனல்மின் நிலையத்தைத் தொடங்கவும் மின்சாரம் வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நீர்மின் நிலையத்திற்கு அத்தொல்லை குறைவு. சிறிய மின்கலமோ டீசல் எஞ்சினோ இருந்தால் மதகைத் திறந்து சுழலியை இயக்கிவிடலாம். முழு இருளிலிருந்து மீள்வதற்கான திட்டங்களில் பல நாடுகள் நீர்மின் நிலையங்களை முதற்படியாக வைத்திருப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் கிராமப்புற மின் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் அரசுத்துறை ஒன்று உள்ளது. கடன் வாங்கிய ஒவ்வொரு நிறுவனமும் எழுத்து வடிவில் அவசர மீட்புத்திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2004இல் அது விதி செய்தது. அவசரத் தொலைபேசி எண்கள், பொறுப்பாளர்களின் பெயர்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை ஆகியவை அதில் அடங்கும். என்னைக் கவர்ந்தது வேறொரு கூறு. நிறுவனத்தின் தலைமையகமே மின்சாரத்தை இழந்தால் என்ன செய்வது என்றும் எழுதி வைக்க வேண்டுமாம். படித்தபோது பூட்டிய அலுவலகத்துக்குள் இருந்த தொலைபேசி நினைவுக்கு வந்தது.

ஒரு பயனீட்டாளர் ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் மின்சாரமின்றி இருந்தார் என்று கணக்கிடுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் அது ஏறத்தாழ 45 நிமிடம். பாராட்டத்தக்க எண். ஆனால், சராசரி ஒரு பொல்லாத கணக்கு. நகரத்தில் ஆயிரம் வீடுகளில் மின்சாரம் நிற்காமலிருக்க, தடத்தின் கடைக்கோடியில் பத்து வீடுகள் இரவெல்லாம் இருண்டு கிடந்தாலும் அந்த எண் அழகாகவே இருக்கும். தெருவில் ஓடும் தாழ்வழுத்தக் கம்பி பழுதானால் பல இடங்களில் யாராவது அழைத்துச் சொன்னால்தான் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். 'வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்' என்று பத்து வீடும் நினைத்தால் பத்து வீடும் இருட்டில்தான் இருக்கும்.

நாங்கள் இப்போது குடியிருக்கும் தாமானில் பாதிப்பேர் தோட்டங்கள் விற்கப்பட்டபின் வந்தவர்கள். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். தெருவுக்கு இருவர், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர். தெனாகாவின் 15454, உயிருக்கு ஆபத்தென்றால் 999. தெருவிளக்குக் கம்பங்களின் எண்கள். இன்சுலின் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கும் வீடுகள் மூன்று. பிராணவாயு இயந்திரத்தை நம்பி ஒரு பாட்டி. அவர் வீட்டில் மாற்றுக்கு ஒரு சிலிண்டர் உண்டு. அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இருவர் மட்டுமே என்பது சென்ற ஒத்திகையில்தான் தெரிந்தது. ஒருவர் இரவுப்பணிக்குப் போகிறவர். மற்றவர் பினாங்கில் படிக்கும் பேரன். அடுத்த வீட்டுப் படிவம் நான்கு மாணவி தானே முன்வந்து கற்றுக்கொண்டாள். அவள் பெயரைப் பட்டியலில் மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறோம்.